பையில் இருந்தால் படமாகுமா?

அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குக் காலை எட்டு மணி சுமாருக்கு வந்து, ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். எத்தனை விதமான பைகள்! தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர் தோளில் சாப்பாட்டுப் பை. கல்லூரிப் பெண்ணின் முதுகில் புத்தகப் பை. பூக்காரம்மாவின் இடுப்பில் சுருக்குப் பை. பூக்காரம்மா சில்லறை கொடுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் குனிந்து பார்ப்பதே இல்லை. விரல் உள்ளே போகிறது. காசு வெளியே வருகிறது.

சின்னக் காமிரா ஒன்றும் அதற்கு வேண்டிய சாமான்களும் வைத்துக்கொள்ளப் பை தேடும் நேயர்களுக்கு முதல் குரு அந்தப் பூக்காரம்மாதான் என்றால் சிரிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்திருப்பேன். சிரிப்பு எங்கே அடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காட்டில் ஒரு பாடம்

சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதம். பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன். நம் நாட்டு உப்பங்கழிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரியது பழவேற்காடு. குளிர் காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி நிற்கும்.

என் தோளில் புத்தம் புதிய பை. பெரிய பை. கடைக்காரர் ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டக் காட்ட நான் சொக்கிப் போய் வாங்கியது. காமிராவும் இரண்டு லென்ஸும் வைத்த பிறகும் இடம் மிச்சம் இருந்தது. இடம் இருக்கிறதே என்று குடை வைத்தேன், துண்டு வைத்தேன், இட்லிப் பொட்டலம் வைத்தேன்.

படகு ஒரு திட்டைச் சுற்றித் திரும்பியது. திடீரென்று நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே சமயத்தில் எழும்பின. வானத்தில் இளஞ்சிவப்புச் சேலை விரித்தாற்போல் இருந்தது. நான் பைக்குள் கையை விட்டேன். முதலில் இட்லி வந்தது. அடுத்துத் துண்டு வந்தது. காமிரா வந்தபோது வானம் வெறிச்சோடிக் கிடந்தது.

படகுக்காரர் நிதானமாகக் கேட்டார்: "சாப்பாட்டுப் பையிலே காமிராவை வெச்சுட்டீங்களா, சார்?"

அன்றைக்கு மனத்தில் ஒரு விதி எழுதிக்கொண்டேன். எவ்வளவு நிரப்பலாம் என்று பார்த்துப் பை வாங்கக் கூடாது. எவ்வளவு சுலபமாகக் காலி செய்யலாம் என்று பார்த்து வாங்க வேண்டும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரே விதிக்கு விளக்கவுரைதான்.

அளவு எடுங்கள்

செருப்பு வாங்கப் போகிறவர் காலைக் கூடவே கொண்டு போகிறார். பை வாங்கப் போகிறவர் மட்டும் காமிராவை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுக் கண் மதிப்பில் வாங்கி வருகிறார்! அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் வீட்டில் ஒரு துண்டை விரித்து, உங்கள் சாமான்களை அதன்மேல் பரப்புங்கள். அடிக்கடி உபயோகிக்கும் லென்ஸ் மாட்டியபடியே காமிரா. இன்னொரு லென்ஸ். உபரி பாட்டரி ஒன்று அல்லது இரண்டு. நினைவு அட்டைகள். துடைக்கும் துணி. ஒரு நாள் பயணம் என்றால் சார்ஜர் வீட்டிலேயே இருக்கட்டும். இத்தனையும் சேர்ந்து, இந்தக் காலத்துச் சிறிய காமிராவானால், ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோதான் இருக்கும்.

இதற்கு ஐந்திலிருந்து எட்டு லிட்டர் கொள்ளும் பை தாராளம். காலிப் பையின் எடையையும் பாருங்கள். அரைக் கிலோ என்றால் சரி. சாமானுக்குச் சமமாகப் பையே கனத்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

'நாளைக்கு இன்னும் இரண்டு லென்ஸ் வாங்கினால்?' என்று கேட்பீர்கள். நாளைக்கு வாங்கும்போது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். காலி இடம் காலியாக இருக்காது. என் இட்லிப் பொட்டலமே சாட்சி.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பரப்பிய சாமான்களை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பையில் அடுக்கித் தோளில் மாட்டுங்கள். பிறகு கீழே விழுந்த காசை எடுப்பதுபோல் குனியுங்கள். பை முன்னால் ஊசலாடி முழங்காலை இடித்தால் வேண்டாம்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் திறந்து காமிராவை எடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். மூன்று எண்ணுவதற்குள் காமிரா கைக்கு வந்தால் பை தேறிவிட்டது. மூடி உங்கள் உடம்பை நோக்கித் திறந்தால் கைக்குக் குறுக்கே நிற்கும். எதிர்ப்புறமாகத் திறந்தால் வழிவிடும்.

உட்புறத் துணி வெளிறிய நிறமாக இருப்பது நல்லது. கறுப்புப் பைக்குள் கறுப்பு லென்ஸ் மூடியைத் தேடுவது அமாவாசையில் எருமையைத் தேடுவது போல. தடுப்புகள் பிரித்து மாட்டக் கூடியவையாக இருக்கவேண்டும். தோள்பட்டி இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். மெல்லிய பட்டி ஒரு மணி நேரத்தில் தோளை அறுக்கும்.

முதுகுப் பை நல்லதா, தோள் பை நல்லதா? மலை ஏறுகிறவருக்கும் நாள் முழுவதும் நடக்கிறவருக்கும் முதுகுப் பை சுகம். ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றித்தான் காமிராவை எடுக்க வேண்டும். ஒரு காமிரா, இரண்டு லென்ஸ்காரருக்குக் குறுக்கே மாட்டி முன்னால் இழுத்துக்கொள்ளும் தோள் பையே சௌகரியம்.

பணம் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மெத்தைத் தடுப்புகளோடு கூடிய உள்பெட்டி தனியாகவே விற்கிறது. அதை வீட்டில் கிடக்கும் எந்தப் பழைய பையிலும் இறக்கிக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு மஞ்சள் பைக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது அல்லவா? உள்பெட்டி வைத்த மஞ்சள் பையில் காமிரா இருப்பதாக எந்தத் திருடனும் சந்தேகப்படமாட்டான்!

பை வைத்தியர் சொன்ன மூன்று இடங்கள்

அம்பத்தூரில் சாலையோரத்தில் தையல் இயந்திரம் போட்டுக்கொண்டு பை, குடை ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். நான் அவரைப் 'பை வைத்தியர்' என்பேன். நோயாளியின் நாடியை வைத்தியரைவிட யார் அறிவார்? அடுத்த பை வாங்குமுன் அவரிடம் யோசனை கேட்டேன்.

"வெளியே மினுக்கறதைப் பார்க்காதீங்க, சார். என்கிட்ட வர்ற பை எல்லாம் மூணு இடத்திலதான் போயிருக்கும்" என்றார். பட்டி பையோடு சேரும் இடம் ஒன்று, ஜிப்பின் ஓடி ஒன்று, அடிமூலை ஒன்று. பட்டியின் அடியில் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறிபோல் குறுக்குத் தையல் இருக்க வேண்டும். ஜிப்பைப் பத்துத் தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். வளைவில் திணறினால் அதற்கு ஆயுசு குறைவு. அடிமூலையில் இரட்டைத் துணி கொடுத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால், விலை எதுவானாலும் பை உழைக்கும் என்பது அவர் வாக்கு.

ரயில், விமானம், மழை

மின்சார ரயிலில் நெரிசல் நேரத்தில் பையை எப்போதும் மார்புப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்பின் ஓடி உங்கள் கைக்கு அடியில் இருக்கட்டும். காமிரா நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் பொறித்த பை வேண்டாம். உள்ளே இருப்பதை ஊருக்குச் சொல்வானேன்?

விமானத்தில் போகிறவர்கள் காமிராவைக் கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும். உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு; அங்கேயும் சிறிய பைக்கே ஜயம். உபரி லித்தியம் பாட்டரிகளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப அனுமதி இல்லை. முனைகளை மூடிக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'மழைக்குத் தாங்கும்' என்று எழுதியிருப்பதை நம்பி ஐப்பசி மழையில் நிற்காதீர்கள். சாரலுக்குத் தாங்குவது வேறு, கொட்டும் மழைக்குத் தாங்குவது வேறு. ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் இறங்கிவிடும். மேலே போர்த்தும் மழை உறை ஒன்று அவசியம்.

அவசரமாகத் திறக்கக் கூடாத சமயம் ஒன்றே ஒன்று உண்டு. இரவெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் வந்து, காலையில் சென்ட்ரலில் இறங்கியதும் காமிராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படர்ந்துவிடும். அரை மணி நேரம் பை மூடியபடியே இருக்கட்டும்.

பை வீடு அல்ல

இனிச் சொல்வதுதான் முக்கியம். எனக்கே சற்று வலிக்கிற விஷயம்.

எங்கள் அப்பாவிடம் ஓர் அக்ஃபா கிளிக் III இருந்தது. பரோடாவில் தயாராகி, அந்த நாளில் எத்தனையோ வீடுகளில் இருந்த காமிரா அது. ஒரு சுருளுக்கு 12 படம். அதன் தோல் உறை கெட்டிக்காரத்தனமானது. முன்பக்கத்தை அவிழ்த்தால் தொங்கும். காமிராவை வெளியே எடுக்காமலே படம் பிடிக்கலாம். ஆனால் அப்பா அதை உறையோடு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்தபோது தோல்மேல் பச்சைப் பூசணம். லென்ஸின்மேல் சிலந்திக் கூடு போல வெள்ளை இழைகள்.

அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் கொரட்டூரிலும் தண்ணீர் தேங்கி நின்றதே, அப்போது படம் எடுக்கப் போனேன். திரும்பி வந்து ஈரம் காயாத பையைக் காமிராவோடு பரண்மேல் வைத்தேன். நல்ல மெத்தை வைத்த பை. நன்றாக மூடும் பை. ஈரமும் உள்ளேயே நன்றாக மூடப்பட்டுவிட்டது.

ஆறு மாதம் கழித்து, திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் பேத்திக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் குழந்தை. பின்னால் வெயில். எல்லாப் படத்திலும் புகை மூட்டம் போல் ஒரு வெளுப்பு. குழந்தை அழுவது தெரிகிறது, கண்ணீர் தெரியவில்லை. லென்ஸைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன். அதே வெள்ளை இழைகள்! பழுது பார்ப்பவர் சுத்தம் செய்து கொடுத்தார். ஆனால் கண்ணாடியின் மேல்பூச்சைப் பூசணம் அரித்திருந்தது. லென்ஸ் போனால் இன்னொன்று வாங்கலாம். காதை இரண்டாம் தடவை குத்த முடியுமா?

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஈரப்பதம் 65 சதவிகிதத்துக்கு மேலே நீடித்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஆகையால் வீடு திரும்பியதும் காமிராவைத் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் உள்ளே இருக்கட்டும். 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் உத்தமம். ஜெல்லின் நிறம் மாறினால் பொட்டலத்தில் எழுதியிருக்கிற முறைப்படி உலர்த்துங்கள். குழந்தைகள் கைக்கு எட்ட விடாதீர்கள். அந்துருண்டை மட்டும் வேண்டாம்; அதன் ஆவி லென்ஸுக்கு ஆகாது. காலிப் பையின் தடுப்புகளைக் கழற்றி, வாயைத் திறந்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் போட்டு வையுங்கள். தடுப்பு கழலாத பை இங்கேதான் தோற்றுப் போகும்.

இப்போது என்னிடம் இருப்பது சிறிய கான்வாஸ் பை. பை வைத்தியர் பட்டியை ஒரு முறை பலப்படுத்திக் கொடுத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு ஒரு நாள் இரவு ரயிலுக்குக் காத்திருந்தேன். பூக்காரம்மா வியாபாரம் முடிந்து கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். சுருக்குப் பையின் கயிற்றைத் தளர்த்தி மடியில் கொட்டினார். பையை உள்வெளியாகத் திருப்பி ஓர் உதறு உதறினார். ஒரு காசுகூட உள்ளே தங்கவில்லை.

நான் பையைத் திறந்தேன். காமிரா கைக்கு வந்தது. "ஒரு படம் எடுத்துக்கட்டுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்க, தம்பி. சீக்கிரம் எடு, வண்டி வந்துடும்" என்றார்.

வண்டி வருமுன் எடுத்துவிட்டேன்.