கட்டடமும் மரமும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

மரத்தை வெட்டினால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. வெட்டாமலே சாகடிப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. கட்டடப் பணி நடக்கும் இடங்களில் பெரும்பாலும் நிகழ்வது இந்த இரண்டாவது வகைதான். நம் கல்லூரியில் புதிய வகுப்பறைகள் எழும்பிவரும் இவ்வேளையில், அருகிலுள்ள மரங்களைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

வேர்கள் எங்கே உள்ளன?

மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் வேர் உண்டு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், நீரையும் தாது உப்புகளையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி ஏறத்தாழ 2 அடி ஆழத்திற்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கிறது. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு எவ்வளவோ, அதைப்போல் 12 மடங்கு தூரம்வரை மண்ணைத் தொடக்கூடாது என்பது மரப் பாதுகாப்பில் வழங்கும் ஒரு கணக்கு. 2 அடிக் குறுக்களவுள்ள வேம்புக்கு நாற்புறமும் 24 அடி!

கேடு எப்படி நேர்கிறது?

லாரி ஏறி இறங்கினாலும், செங்கல்லும் ஜல்லியும் குவித்தாலும் மண் இறுகுகிறது. காற்று புகும் நுண்துளைகள் அடைபடுகின்றன. வேரும் சுவாசிக்கிறது என்பது நாம் பாடத்தில் படித்ததே. கடைக்கால் தோண்டிய மண்ணை மரத்தடியில் கொட்டினாலும் வேர் மூச்சுத் திணறி அழுகும். குழாய்க்குப் பள்ளம் வெட்டினால் வேர்கள் துண்டாகின்றன. சிமெண்டுக் கலவை கழுவிய நீர் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், இரும்புச்சத்து கிட்டாமல் தளிர் வெளுக்கிறது.

இத்தனைக்கும் மரம் உடனே வாடிவிடாது. சேமித்த உணவைக்கொண்டு சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கும். பிறகு இலை சிறுத்து, உச்சிக்கிளை பட்டுப்போகும். அதற்குள் கட்டடத் திறப்பு விழாவையே நாம் மறந்திருப்போம். "வயதாகிவிட்டது" என்று மரத்தின்மேல் பழி போடுவோம்.

மருத்துவம் என்ன?

கொட்டிய மண்ணையும் இடிபாடுகளையும் பழைய மட்டம்வரை மெதுவாக அகற்ற வேண்டும். இறுகிய மண்ணில் கடப்பாரையால் 2 அங்குல அகலம், ஒன்றரை அடி ஆழத்தில், இரண்டடிக்கு ஒன்றாகக் குழியிட்டு மக்கிய எருவும் மணலும் நிரப்பலாம். பெரிய வேர் தட்டுப்பட்டால் இடத்தை மாற்ற வேண்டும். மேலே 2 முதல் 4 அங்குலம் சருகு பரப்பலாம். அடிமரத்தை ஒட்டிக் குவிக்கலாகாது. மழையில்லாக் காலத்தில் வாரம் ஒருமுறை ஆழமாக ஊறும்படி நீர் பாய்ச்ச வேண்டும்.

காயத்தில் தார் பூசும் வழக்கம் உண்டு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களைப் பிளந்து ஆராய்ந்தவர். மரத்தின் காயம் நம் புண்ணைப்போல் ஆறுவதில்லை, அழுகலைச் சுற்றி மரமே உட்சுவர் எழுப்பி அடைக்கிறது என்று அவர் காட்டினார். தார் அழுகலைத் தடுப்பதில்லை. பிய்ந்த பட்டையைக் கூரிய கத்தியால் சீராக்கினால் போதும். பட்ட கிளைகளை மட்டும் நீக்க வேண்டும்; பச்சைக் கிளைகள் உணவு சமைப்பவை. யூரியாவும் உடனே வேண்டாம். வேர் குறைந்த மரத்தை அது வீணாகத் தழைக்கத் தூண்டும்.

தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டுத் தளத்தை அகற்றுமாறு 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. நமக்கு ஆணை எதற்கு? நம் நூலகத்தருகே உள்ள வேம்பின் அடியில் இன்று ஜல்லி குவிந்திருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் பத்துப்பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடைகளோடு வந்தால் அதை அப்புறப்படுத்தி விடலாம். இலை வாடும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.