வில்லு எங்கே திரும்புது?

கம்ப்யூட்டரில் வயலின் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள். நான் ஒன்பதாயிரத்துச் சொச்சம் தொலைத்த கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

என் அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வயலினை எடுப்பார். ஆனந்தபைரவியில் சொந்தமாக ஒரு மெட்டு. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. வயலின் பீரோ மேல் தூங்குகிறது. எனக்கு வாசிக்க வராது. (சின்ன வயதில் மூன்று மாதம் கற்றேன். "ஃபீஸ் வேண்டாம், பையனை அழைச்சிட்டுப் போங்க" என்று வாத்தியாரே சொல்லிவிட்டார்.) கீபோர்டு மட்டும் சுமாராகத் தட்டுவேன். அந்த மெட்டைக் கம்ப்யூட்டரில் வாசித்து, அம்மா பிறந்த நாளன்று போட்டுக் காட்டலாம் என்று ஆசை.

இதற்கென்றே 'சாம்பிள் லைப்ரரி' விற்கிறார்கள். நிஜ வித்வானை உட்கார வைத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெல்ல, பலமாக, இழுத்து, வெட்டி என்று தனித்தனியே பதிவு செய்திருப்பார்கள். நாம் கட்டையை அழுத்தினால் அந்தத் துண்டு ஒலிக்கும்.

பி.காம். மூளை என்ன செய்யும்? ஒரு ஜி.பி.க்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்த்தது. மலிவாக வந்ததை வாங்கியது. இறக்கி முடிக்க ஒரு ராத்திரி ஆயிற்று. அப்புறம்தான் பொடி எழுத்து கண்ணில் பட்டது: 'கான்டாக்ட்' சாஃப்ட்வேரின் முழுப் பதிப்பு தேவை. அதற்குத் தனி விலை! இலவச 'கான்டாக்ட் பிளேய'ரில் கொஞ்ச நேரம் டெமோவாக ஓடி நின்றுவிடும்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவசரமாகப் பதிவு செய்து அம்மாவிடம் ஓடினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"யாருடா இது? மூச்சே விடாம வாசிக்கிறான். வில்லு எங்கே திரும்புது?"

அவ்வளவுதான். நாற்பது வருஷம் கேட்ட காது. வில்லுக்கு ஒரு நீளம் உண்டு, முனை வந்தால் திரும்பியாக வேண்டும். விரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர வேண்டும். நான் வாங்கியதில் ஸ்வரங்கள் இருந்தன, நடுவில் எதுவும் இல்லை. சிமென்ட் இல்லாத செங்கல் அடுக்கு!

எனவே, சொந்தச் செலவில் கற்ற பாடம்:

ஜி.பி.யைப் பார்க்காதீர்கள். 'லெகாட்டோ' இருக்கிறதா பாருங்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பயணத்தையே பதிவு செய்திருப்பதுதான் அது. எம்பர்டோன் கம்பெனியின் 'ஜோஷுவா பெல் வயலின்' அந்த ரகம். வாசித்தவர் சாட்சாத் ஜோஷுவா பெல்லேதான். இலவசப் பிளேயரிலேயே ஓடும்.

டெமோவில் பின்னணி ஆர்க்கெஸ்ட்ராவும் எதிரொலியும் பலமாக இருந்தால் உஷார். மொட்டையாக ஒரு வயலின் மட்டும் வாசிக்கிற டெமோவைத் தேடிக் கேளுங்கள்.

நம்ம ஊர் கமகத்துக்குப் பதிவு செய்த துண்டுகள் சரியாக வளைவதில்லை. 'ஸ்வாம்' வயலின் வேறு ஜாதி. துண்டுகளே கிடையாது. கம்பி அதிர்வதைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு ஒலிக்கிறது. ஐபேட் பதிப்பு, கம்ப்யூட்டர் பதிப்பைவிட ரொம்ப மலிவு. ஆனால் கட்டையைத் தட்டினால் மட்டும் போதாது. வில்லின் பலத்தை வீலாலோ பெடலாலோ நாம்தான் விடாமல் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பெரும்பாலான லைப்ரரிகளைத் திருப்பித் தரவும் முடியாது, செகண்ட் ஹேண்டில் விற்கவும் முடியாது. நவம்பர் கடைசியில் தள்ளுபடி வரும். அதுவரை பர்ஸை மூடி வையுங்கள்.

நான் அக்கா பெண்ணின் ஐபேடில் 'ஸ்வாம்' போட்டேன். இடது கை பிட்ச் வீலில், வலது கை கட்டையில், கால் பெடலில். இரண்டு வாரம் ராத்திரி தையல் மெஷின் மிதிப்பவன் மாதிரி உட்கார்ந்தேன்.

பிறந்த நாளன்று அம்மா முழுசாகக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. பீரோ மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "ரெண்டாவது வரியில உங்கப்பா கொஞ்சம் அவசரப்படுவாருடா. அதையும் போடு" என்றாள்.

போட்டுக்கொண்டிருக்கிறேன்.