வீட்டுக் கொல்லையில் விதையிலிருந்து பழமரம்

தின்று எறிந்த மாங்கொட்டை கொல்லையில் தானே முளைத்து மரமாவது கிராமங்களில் சாதாரணமாய்க் காணும் விஷயம். அம்மரம் காய்க்க ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரை செல்லும். அதுவரை அது பிடித்த இடத்திற்கும் குடித்த நீருக்கும் பலன் உண்டா என்பது முதற்பழத்தை அறுக்கும் அன்றுதான் தெரியும். பழம் நாரும் புளிப்புமாயிருப்பின், போன காலத்தை மீட்க இயலாது. இரண்டொரு மரங்களுக்கே இடமுள்ள சிறு குடியானவனுக்கு இந்நஷ்டம் சிறிதன்று. ஆகையால் எம்மரத்தை விதையிலிருந்து வளர்க்கலாம், எதை வளர்க்கலாகாது என்பதை முன்னரே அறிதல் அவசியம்.

தாயை ஒக்கும் விதைகள்

நீலம், பங்களூரா, பங்கனபள்ளி, முல்கோவா முதலிய மா வகைகளின் கொட்டையில் முளை ஒன்றே. அது மகரந்தச் சேர்க்கையால் உண்டாவது. ஆதலின் இனிய பழத்தின் கொட்டை இனிய மரத்தையே தரும் என்பது நிச்சயமன்று. பலாவும் அவ்வாறே மாறுபடும். மேற்குக் கரையைச் சேர்ந்த ஒலூர், சந்திரக்காரன் போன்ற மா வகைகளிலோ ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும். அவற்றுட் பெரும்பாலானவை தாய்மரத்தின் உடலிலிருந்தே தோன்றுவதால் தாயின் குணம் மாறுவதில்லை. எலுமிச்சையும் இத்தகையதே, மெலிந்த நாற்றுகளையும் வேறுபட்ட இலையுடையவற்றையும் களைந்துவிட்டால், எஞ்சியவை பெரும்பாலும் தாயை ஒக்கும்.

விதையைக் காயவிடலாகாது

நெல்லையும் உளுந்தையும் உலர்த்திச் சேமிப்பது போல மா, பலா, நாவல் விதைகளைச் சேமித்தல் தவறு. இவை ஈரம் வற்றினால் உயிரிழக்கும். நாவல் விதையைப் பழத்தினின்று எடுத்த சில தினங்களிலும், மா, பலா விதைகளை இரண்டொரு வாரங்களுக்குள்ளும் ஊன்றிவிட வேண்டும்.

மாங்கொட்டையின் ஓட்டை ஓரமாய்க் கீறி நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதை மட்டும் பொறுக்குக. வளைந்த முதுகு மேலே இருக்குமாறு ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். மண் ஈரமாயிருத்தல் வேண்டும், நீர் தேங்கலாகாது. பலாவின் ஆணிவேர் அறுபட்டாற் கன்று நலியும். அதனால் பலாக்கொட்டையை மரம் நிற்கவேண்டிய குழியிலேயே ஊன்றுதல் நன்று.

பப்பாளி

ஓராண்டிற்குள் பலன் காண விரும்பும் குடும்பத்திற்குப் பப்பாளி ஏற்றது. விதையைச் சூழ்ந்த வழவழப்பான உறை முளைப்பைத் தடுக்கும். அதனால் சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். நாற்றைக் கண்டு ஆண் பெண் அறிய இயலாது. ஆகவே குழிக்கு மூன்று நான்கு நாற்றுகள் நட்டு, நான்கைந்து மாதங்களிற் பூ வந்ததும் தெரிந்தெடுக்க வேண்டும். நீண்ட காம்பிற் கொத்துக் கொத்தாய்த் தொங்குவது ஆண் பூ; தண்டை ஒட்டிப் பருத்து நிற்பது பெண் பூ. பத்துப் பெண்மரங்களுக்கு ஓர் ஆண்மரம் போதும். மற்ற ஆண்மரங்களை வெட்டிவிட்டு, குழிக்கு ஒரு மரமே நிறுத்துக. அடியில் நீர் தேங்கினால் தண்டு அழுகும். ஆதலின் மேட்டு நிலத்தில் நடுதல் நலம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

மாவில் ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கும். ஆனால் ஒட்டுக்கும் அடிக்கன்று வேண்டும்; அது விதையிலிருந்தே வருவது. எனவே எறியப்படும் மாங்கொட்டைகள் வீண்பொருளல்ல. சங்கத்தார் ஊரிலுள்ள சிறந்த தாய்மரங்களைக் குறித்துவைத்து, ஆனி, ஆடி மாதங்களிற் கொட்டைகளைச் சேகரித்து, பொதுக் கிணற்றருகே ஒரு நாற்றங்கால் அமைக்கலாம். ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒருவரைக் கொண்டு அக்கன்றுகளைத் தாய்மரக் குச்சிகளோடு ஒட்டி, அங்கத்தினருக்கு அடக்க விலைக்கே கொடுக்கலாம்.

கொல்லையில் முன்னரே நிற்கும் புளிப்பு மாமரத்தையும் அடியோடு வெட்ட வேண்டுவதில்லை. கிளைகளைக் குறைத்து, புதிதாய்த் துளிர்க்கும் தளிர்களில் நல்ல வகையின் குச்சியை ஒட்டினால், பழைய வேரே புதிய பழத்தைத் தரும்.