ஃபிரீசர் கோழியை ராத்திரி முழுக்க வெளியே வைக்காதீர்கள்!

தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் தமிழ்நாட்டின் பல வீடுகளில் வழக்கம். விடியும் முன்பே கறிக்கடையில் வரிசை நிற்க முடியாதவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே கோழி வாங்கி ஃபிரீசரில் போட்டுவிடுகிறார்கள். உறைந்த பாக்கெட்டாகவே வாங்குபவர்களும் உண்டு. கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் இப்படித்தான் நடக்கிறது. இதில் தவறொன்றும் இல்லை. தவறு நடப்பது முந்தின நாள் இரவில். படுக்கப்போகும் முன் கோழியை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, நாலு மணிக்கு எழுந்து அடுப்பேற்றுகிறோம். அந்த ஆறு மணி நேரம்தான் ஆபத்தானது.

மேடையில் என்ன நடக்கிறது?

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். ஃபிரீசரின் குளிர் அவற்றை ஒழித்துவிடாது. பெருகவிடாமல் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குள் இருந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறைகூட அவை இரட்டிப்பாகலாம்.

மேடையில் வைத்த கோழியின் நடுப்பகுதி பனிக்கட்டியாக இருக்கும்போதே, மேல்தோல் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். தொட்டுப் பார்த்து, ‘இன்னும் சில்லென்றுதானே இருக்கிறது’ என்று நினைப்போம். அதற்குள் தோல்பகுதியில் கிருமிகள் பல மடங்காகியிருக்கும். பச்சை இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெந்நீரில் போடுவதும், வெயிலில் வைப்பதும், எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதும் இதே தவறுதான்.

‘கொதிக்கிற குழம்பில் எந்தக் கிருமி பிழைக்கும்?’ என்று கேட்கலாம். கிருமி சாகும், உண்மை. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் பெருகும்போது விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழிவதில்லை. கறியிலிருந்து வடிந்த நீர் மேடையில் பட்டு, கொத்தமல்லிக்கும் வெங்காயப் பச்சடிக்கும் போனால், அவற்றை யாரும் கொதிக்கவைக்கப் போவதும் இல்லை.

பாதுகாப்பான மூன்று வழிகள்

முதல் வழி, ஃபிரிட்ஜ். இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. கோழியை ஃபிரீசரிலிருந்து எடுத்து, ஆழமான பாத்திரத்தில் வைத்து மூடி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் வடிகிற நீர் கீழே உள்ள பாலிலும் மாவிலும் விழும். வெட்டிய துண்டுகளுக்கு ஒரு நாள் போதும். முழுக்கோழிக்கு இரண்டு கிலோவுக்கு 24 மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பெரிய கோழிக்கு இன்னும் கூடும். உருகிய பிறகும் ஓரிரு நாள் ஃபிரிட்ஜிலேயே இருக்கலாம்.

இரண்டாவது, குளிர்ந்த நீர். தண்ணீர் புகாத பையில் கோழியைக் கட்டி, குளிர்ந்த நீரில் முழுக்க மூழ்கவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஐஸ்கட்டிகளைச் சேருங்கள். அரை கிலோ பாக்கெட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உருகும். உருகியதும் உடனே சமைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, மைக்ரோவேவின் டீஃப்ராஸ்ட் வசதி. இதில் ஓரங்கள் வேகத் தொடங்கிவிடும். ஆகவே எடுத்த கையோடு அடுப்புக்குப் போகட்டும்.

மறந்தேபோனால்? துண்டுகளை உறைந்தபடியே குழம்பில் போட்டு வேகவைக்கலாம். வழக்கமான நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆகும். எந்த வழியில் சமைத்தாலும் துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், எலும்பை ஒட்டிய சதையில் இளஞ்சிவப்பு நிறம் துளியும் இல்லாதபடி வேகவிடுங்கள்.

தீபாவளி விடியற்காலை நாலு மணிக்குச் சமையலா? துண்டுக் கறியை முந்தின நாள் அதிகாலையிலேயே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். முழுக்கோழி என்றால் அதற்கும் முந்தின நாளே. வாங்கியதும் அரை அரை கிலோவாகப் பிரித்து, தட்டையான பாக்கெட்டுகளாக உறையவைத்தால் சீக்கிரம் உருகும்.

ஃபிரிட்ஜில் உருகியதை மறுபடி உறையவைக்கலாம், ருசிதான் கொஞ்சம் குறையும். நீரிலோ மைக்ரோவேவிலோ உருகியதைச் சமைக்காமல் மீண்டும் உறையவைக்காதீர்கள்.

குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவுவதையும் நிறுத்துவோம். தெறிக்கும் நீர் கிருமிகளைச் சுற்றிலும் பரப்பும். மஞ்சளும் உப்பும் போட்டு அலசுவது கவுச்சியைக் குறைக்கலாம். கிருமியைக் கொல்வது அடுப்பின் சூடுதான். அலசித்தான் ஆக வேண்டுமென்றால் பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, பிறகு சிங்க், கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

வாங்கும்போது உங்கள் உரிமை

உறைந்த கோழி மைனஸ் 18 டிகிரியில் அல்லது அதைவிடக் குளிரில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், தயாரித்த தேதியும், காலாவதி தேதியும் இருக்கின்றனவா பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நீர் உறைந்து கிடந்தாலோ, துண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தாலோ, ஏற்கெனவே ஒருமுறை உருகியிருக்கலாம். வாங்காதீர்கள். வீட்டுக்கு வரும் பாக்கெட் உருகியிருந்தால் படம் எடுத்துவிட்டுத் திருப்பியனுப்புங்கள். பில் கேட்டு வாங்குங்கள். நாளை புகார் சொல்ல நேர்ந்தால் அதுதான் ஆதாரம்.

உடம்புக்கு முடியாமல் போனால்

வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல் சில மணி நேரத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், அவசரத்துக்கு 108. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் விஷயத்தில் காத்திருக்கவே வேண்டாம்.

பிழை விற்றவரிடம் என்றால், பாக்கெட், பில், மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலோ புகார் சொல்லலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரையிலும், மற்ற பாதிப்புகளுக்கு ஒரு லட்சம் வரையிலும் இழப்பீடு வழங்க வழி செய்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.

ஆனால் கடையிலிருந்து நல்ல கோழியாக வந்ததை நம் மேடையிலேயே கெடுத்துக்கொண்டால் எந்த ஆணையமும் உதவாது. இந்தப் பண்டிகைக்குக் கோழியை ஒரு நாள் முன்பே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.