மார்க்கெட்டுக்கு வந்த மந்தம்

'மந்தம்' என்றதும் நம் வீட்டுப் பாட்டிமாருக்குக் குழந்தையின் வயிறுதான் ஞாபகத்துக்கு வரும். உடனே வசம்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பத்திரிகையில் 'தொழில் மந்தம்' என்று போட்டிருந்தால் எந்த மருந்தைத் தேடுவது?

கடலூரில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்ட தடை அது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்குக் கடைவீதி கொள்ளாத கூட்டம். ஆடி பிறந்தால் கல்யாண ஜவுளிக்கு ஆள் இல்லை. இதையெல்லாம் 'வியாபாரம் டல்' என்று சொல்லலாமே தவிர, மந்தம் என்று சொல்லக் கூடாது. இது முடியும் நாள் காலண்டரிலேயே இருக்கிறதல்லவா?

மந்தத்துக்குக் காலண்டர் கிடையாது. ஜனங்கள் வாங்குவதைக் குறைக்கிறார்கள், ஆலைகள் உற்பத்தியைக் குறைக்கின்றன, வேலை போகிறது, வேலை போனவர்கள் இன்னும் குறைவாக வாங்குகிறார்கள். குழந்தையின் எடை முன்னைவிட மெதுவாக ஏறினால் அது வேகக் குறைவு. எடையே இறங்கினால் மந்தம். தேசத்தின் மொத்த உற்பத்தி அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் இறங்கினால் மந்தம் என்பது பொதுவான வழக்கு. 2020-இல் கொரோனாவின்போது இந்தியாவுக்கே அப்படி நேர்ந்தது.

ஆண்டுக்கணக்கில் நீடித்து உலகையே ஆட்டினால் அது பெருமந்தம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உதயமான அதே 1929-ஆம் வருஷந்தான் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னாற்காடு ஜில்லாவில் அப்போது மல்லாட்டைதான் பணப்பயிர். ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சரக்கு. சில வருஷங்களில் அதன் விலையும் நெல்லின் விலையும் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டன.

"விலை மலிந்தால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். மாதச் சம்பளம் நிலைத்த வீட்டுக்கு நல்லதுதான். குடியானவர் வீட்டிலோ வரவு பாதியாயிற்று. சர்க்கார் கிஸ்தியும் கடன் வட்டியும் பாதியாகவில்லை. முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய தொகைக்கு இப்போது இரண்டு மூட்டை!

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. இங்கே பவுன் விலை ஏறிற்று. அட்டிகையும் வளையலும் பெட்டியை விட்டு வெளியேறின. இந்தியத் தங்கம் கப்பல் கப்பலாக வெளிநாடு சென்றது. 1938-இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து வட்டிச் சுமையைக் குறைத்தது. அதற்குள் போன நகை போனதுதான்!

ஆகவே சகோதரிகளே, 'மந்தம்' என்ற செய்தியைப் படித்தால் கடையில் விலை இறங்கியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். நம் வீட்டு வரவு குறைந்தாலும் குறையாத தவணைகள் எத்தனை என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வயிற்று மந்தத்துக்குப் பாட்டியிடம் வசம்பு இருக்கிறது. வியாபார மந்தத்துக்கும் அவரிடம் ஒரு வைத்தியம் உண்டு: வரவு நிச்சயமில்லாத காலத்தில் புதுக் கடன் வேண்டாம்!