மணிக்கட்டில் ஒரு மின்கலம்

நாம் அணியும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தினுள் லிதியம் அயனி மின்கலம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதன் நேர், எதிர் மின்வாய்களைப் பிரித்து நிற்பது மெல்லிய சவ்வு ஒன்றே. கடிகாரம் நசுங்கி அச்சவ்வு கிழியுமாயின் வெப்பம் சட்டெனப் பெருகும், தோல் வெந்துபோகும். உற்பத்திக் குறையாலும் மின்கலம் கொதிப்பதுண்டு. 2022 மார்ச்சில் ஃபிட்பிட் நிறுவனம் ‘அயானிக்’ கடிகாரங்களைத் திரும்பப் பெற்றபோது, அமெரிக்காவில் மட்டும் 78 தீப்புண் முறையீடுகள் வந்திருந்தன.

ஆகவே, பின்மூடி புடைத்தாலும், கண்ணாடி விரிசலுற்றாலும், வழக்கத்திற்கு மாறாகச் சுட்டாலும் உடனே கழற்றிவிடுவோமாக. அதனை மீண்டும் மின்னேற்றலாகாது. சுட்ட இடத்தைக் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுதல் வேண்டும். பற்பசையோ நெய்யோ தடவலாகாது. கொப்புளம் எழுந்தால் மருத்துவரை நாடுக.

பழுதுற்றதை மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை. வீணாகிறதே என்று ஊரிலுள்ள தம்பிக்குக் கொடுத்தனுப்புவது அன்பாகாது, அபாயத்தையே அனுப்புவதாகும்.