கொழுப்பு நோய் வல்லுநர்: சான்றிதழும் சட்ட அங்கீகாரமும்

இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்துள்ளதாகப் பரிசோதனையில் தெரிய வந்தவர் யாரை நாட வேண்டும்? சிலர் இதயநோய் வல்லுநரிடமும், சிலர் நாளமில்லாச் சுரப்பி நோய் வல்லுநரிடமும் செல்கின்றனர். பெரும்பாலோர் பொது மருத்துவரிடமே செல்கின்றனர். இரத்தக் கொழுப்புக் கோளாறுகளை மட்டும் ஆராயும் 'லிப்பிடாலஜி' என்னும் துறை வளர்ந்துள்ளது. எனினும், அதில் ஒருவர் தேர்ந்தவர் என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்பதில் நாடுகளிடையே ஒருமைப்பாடு இல்லை.

இத்துறை பல துறைகளின் எல்லையில் பிறந்ததே இதற்குக் காரணம். இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை உயிரணுக்கள் ஈர்த்துக்கொள்ளும் முறையைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் ஆகியோர் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். அக்கண்டுபிடிப்பு மரபியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் உரியது. அதன் பயனோ இதயநோய் மருத்துவத்திற்குச் சென்றது. பிரிட்டனில் வேதி நோய்க்குறியியல் வல்லுநர்கள் பலர் கொழுப்பு நோய்ப் பிரிவுகளை நடத்துகின்றனர். வளர்சிதைமாற்ற மருத்துவம் அங்கு அத்துறையின் உட்பிரிவாக ஏற்கப்பட்டுள்ளது.

அமெரிக்கா வேறு வழியை மேற்கொண்டது. அங்கு 2003ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கொழுப்பியல் வாரியம் அமைக்கப்பட்டது. உரிமம் பெற்ற மருத்துவர்கள், உரிய பயிற்சியையும் அனுபவத்தையும் காட்டி, அது நடத்தும் தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறலாம். ஆயினும் இது தனித்து இயங்கும் அமைப்பு. அமெரிக்க மருத்துவத் தனித்துறை வாரியம் என்னும் கூட்டமைப்பின் 24 உறுப்பு வாரியங்களுள் இது இடம்பெறவில்லை. மருத்துவம் செய்யும் உரிமத்தை வழங்குவது அந்தந்த மாநில அரசின் வாரியமே. எனவே, அச்சான்றிதழ் அறிவுக்குச் சான்றாகுமேயன்றி உரிமம் ஆகாது.

இந்தியாவில் நிலைமை இன்னும் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. 1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்திற்குப் பதிலாக, 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆணையம் 2020 செப்டம்பர் 25 முதல் செயற்பட்டு வருகிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்றாண்டுப் படிப்பில் எம்.டி. பட்டமும், அதன்பின் மேலும் மூன்றாண்டுகளில் இதயநோய் இயல், நாளமில்லாச் சுரப்பி இயல் போன்ற துறைகளில் டி.எம். பட்டமும் பெறலாம். 1975இல் தொடங்கப்பட்ட தேசியத் தேர்வு வாரியம் இதற்கு இணையான பட்டங்களை வழங்குகிறது. கொழுப்பு நோய்கள் இவ்விரு துறைகளின் பாடத்திட்டத்திலும் ஒரு பகுதியாக உள்ளனவேயன்றி, தனியொரு டி.எம். பட்டத்திற்கு உரியனவாக இல்லை.

இவ்விடத்தில் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிமுறைகள் கவனிக்கத்தக்கவை. குறிப்பிட்ட துறையில் சிறப்புத் தகுதி பெறாதவர் தம்மை அத்துறை வல்லுநர் என்று கூறிக்கொள்ளலாகாது என்பது விதி. அதே விதிமுறைகள், அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களுடன், தொழில் அறிவைக் காட்டும் சான்றிதழ்களையும் உறுப்பினர் தகுதிகளையும் பெயருக்குப் பின்னால் எழுத இடம் தருகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் குழப்பம் விளைகிறது. பெயர்ப் பலகையில் எழுத்துகள் பெருகுமளவிற்கு நோயாளியின் நம்பிக்கையும் பெருகுகிறது. சில நாள் பயிற்சியில் கிடைத்த சான்றிதழையும் ஆறாண்டு மேற்படிப்பில் கிடைத்த பட்டத்தையும் அவர் பிரித்தறிவது எங்ஙனம்? மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் கூடுதல் தகுதியாகப் பதிவாகியுள்ளது எது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

அப்படியாயின் புதிய பட்டம் ஒன்று தேவையா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, வயது வந்தோரில் 81.2 சதவீதத்தினரிடம் ஏதேனும் ஒருவகை இரத்தக் கொழுப்புக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. பத்தில் எட்டுப் பேருக்கு உள்ள கோளாறைத் தனி வல்லுநர்களைக் கொண்டு சமாளிக்க இயலாது. அது பொது மருத்துவரின் பணி. அவருக்குத் தேவை தொடர் பயிற்சியே. அப்பயிற்சிக்குச் சான்றிதழ் தருவது பயனுடையது. அதனைப் பட்டமாகக் காட்டுவதே தவறு.

வல்லுநர் உண்மையில் தேவைப்படுவது பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்டிரால் நோய்க்கு. உலக அளவில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. இவ்விகிதம் இந்தியாவுக்கும் பொருந்துமாயின், 140 கோடி மக்களில் 45 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளாகியிருப்பர். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்குப் பள்ளிப் பருவத்திலேயே தோலிலும் தசைநாண்களிலும் கொழுப்புக் கட்டிகள் தோன்றும். சிகிச்சையின்றேல் இருபது வயதிற்குள் மாரடைப்பு நேரலாம்.

முப்பது வயதைக் கடந்தோருக்கான தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் பரிசோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு, மூவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றையே முதன்மையாக நாடுகிறது. கொலஸ்டிரால் அந்த வரிசையில் இல்லை. ஆகவே, இந்நோயுள்ள குடும்பம் பெரும்பாலும் நாற்பது வயதுத் தந்தை மாரடைப்புடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் அன்றுதான் முதன்முதலாக மருத்துவர் கண்ணில் படுகிறது. அன்று பணியிலிருப்பவர் எந்தப் பட்டம் பெற்றவராயினும், அவருடைய பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுமாறு எழுதித் தர வேண்டும்.